சும்மா இருக்கும் போட்டியில் தோற்ற விவரம்

திருத்தங்கல்,
ஆடிக் கடைசி, 2004.

மரியாதைக்குரிய மச்சான் முத்துக்கருப்பன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பேச்சியம்மாளின் கணவன் சங்கிலிமுத்து பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் கோழியும் சுகம். காரியாபட்டியில் தாங்களும் அக்காவும், கோபித்துக்கொண்டு அங்கு வந்திருக்கும் பேச்சியும் சுகமாக இருக்க எங்கள் கருப்பசாமியை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசியிருக்கலாம். தங்கள் தெரு பூத்துக்காரர் காதில் விழுந்ததை ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார் என்பதால் கடிதம். பேச்சி தங்களிடம் என்ன சொல்லியிருப்பாளோ, தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, நியாயம் என் பக்கம் இருந்தால் அவளை அடுத்த பஸ்சில் ஏற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நியாயம் அவ பக்கம் இருந்தாலும் ஏத்தி விடுங்க மச்சான், வீடு வீடா இல்ல.

தாங்கள் அறிந்ததே, எங்க கருப்பசாமி கொடைத் திருவிழாவுக்கு நாங்க வேலை பாக்குற வெடிக் கம்பெனியில லீவு விடுவாக. கம்பெனி லோடு வேன்லயே சனமெல்லாம் ஏறி, காஞ்சு கிடக்கிற கண்மாய்க்குள்ள போயி, தார்ப்பாயைக் கட்டி, மூணு நாளும் அங்கனயே குடியிருந்து, பொங்கல் வச்சு, கிடா வெட்டிட்டுத்தான் திரும்புறது. வேனை விட்டு இறங்குனா, கரை மேல மூங்கில் நட்டு ஒரு வாசல், வாசல்ல ஸ்டூல் போட்டு ஒருத்தன். அம்புட்டுதான், இருபது வருசப் பழக்கம் மச்சான், என் கை தானா மடிக்குள்ள போயி தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் எடுத்து அவன்கிட்டக் குடுத்துருச்சு. செருப்பைக் கழட்டிட்டேன். சோதனை போடட்டும்னு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நின்னேன். பின்னால வந்த வேன் சனம் முழுக்க, ‘ஓகோ, கம்பெனி கேட்டு மாதிரி இங்கனயும் குடுக்கணும் போல’ன்னு அதே மாதிரி குடுத்துட்டுக் கையைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னாக. அவன் பலூன் விக்கிறவன். மொதல்ல மிரண்டான். அப்புறம் சுதாரிச்சு, ஒவ்வொருத்தர் இடுப்பையும் தட்டிப் பாத்து உள்ள விட்டான். சாயங்காலம் அடுப்பு மூட்டப் போனா, ஊர் உலகத்துக்கெல்லாம் வெடி அனுப்புற சனத்துகிட்ட ஒரு குச்சி இல்ல. தேடிப் போனா, அவன் பலூனை மூட்டை கட்டி வச்சுட்டு தீப்பெட்டி பீடிக் கடை போட்டிருக்கான். என் பீடியை நானே காசு குடுத்து வாங்குனேன். பேச்சி தலையில அடிச்சுக்கிட்டா. “சாமி கும்பிட வந்த எடத்துலயும் கம்பெனியை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் வருவீகளா?”ன்னு கேட்டா.

மறுநா போட்டி. மைக்செட் லட்சுமிகாந்தம்தான் எல்லாத்துக்கும் நடுவர். வழுக்கு மரம் ஏறுன சோணைமுத்து பாதியில கட்டிப்பிடிச்சுக்கிட்டு, மேலயும் போகாம கீழயும் வராம, “இங்கன காத்து நல்லா இருக்கு, என்னைய விட்ருங்க”ன்னுட்டான். கண்ணைக் கட்டிக்கிட்டுப் பானை உடைக்கப் போன கணக்கப்பிள்ளை நேரா வந்து எங்க குழம்புச் சட்டியில ஒரு போடு போட்டாரு. அதுக்கும் பேச்சி கோவப்படல. அவ காத்துக்கிட்டிருந்தது வேற ஒரு போட்டிக்கு. சும்மா இருக்கிற போட்டி. புருசன் பொஞ்சாதி சோடியா உக்காந்து, கையை மடியில மல்லாத்தி வச்சுக்கிட்டு, ஒரு விரலும் ஆடாம இருக்கணும். ஒருத்தர் ஆடுனாலும் சோடியே அவுட். பரிசு எவர்சில்வர் அண்டா. கேக்குறவுகளுக்குச் சிரிப்பா இருக்கும். சரவெடி பின்னுற பொம்பளைகளுக்கு இதைவிடக் கஷ்டம் வேற இல்ல மச்சான். உறக்கத்துலயும் அந்த விரல் பின்னிக்கிட்டே கிடக்கும். பேச்சி ஒருநா என் துண்டு ஓரத்தை முழுக்கச் சரமாப் பின்னி வச்சிருந்தா. “ஆண்டவா, ஒரே ஒருநா இந்தக் கை சும்மா கிடக்காதா”ன்னு போன கொடையில இருந்தே சொல்லிக்கிட்டிருந்தவ அவ.

விசில் ஊதுன கையோட பாதிச் சனம் அவுட்டு. நாங்க வேப்பமர நிழல்ல எதிரும் புதிருமா உக்காந்திருந்தோம். கண்மாய்க்குள்ள காத்துன்னா அப்படி ஒரு காத்து. தார்ப்பாயெல்லாம் உப்பி உப்பி அடங்குது. பக்கத்துல அலறுற மைக்செட்டு எங்கயோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கு. வேப்பம்பழம் ஒண்ணு அவ மடியில விழுந்துச்சு, அவ எடுக்கல. அவ கையைப் பாத்தேன். கட்டுன நாள்ல இருந்து அந்தக் கை சும்மா இருந்து நான் பாத்ததில்ல. மருந்துக்கறை ஏறுன விரல் பத்தும் விரிஞ்சு, உறங்குற பிள்ளை கை மாதிரி கிடந்துச்சு. மூஞ்சி, நான் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால நின்ன அதே மூஞ்சியா ஆயிருச்சு. எங்கயோ பாத்துக்கிட்டு லேசாச் சிரிக்கிறா. எனக்குச் சந்தோசம் தாங்கல மச்சான். அந்தச் சந்தோசத்துலயே கண்ணு சொருகிருச்சு.

அங்கதான் வினை. நான் பேக்கிங் செக்சன் இல்லையா. கனவுல லாரி நிக்குது, லோடு ஏத்தச் சொல்லிச் சத்தம் போடுறாக, எதுத்தாப்புல ஒரு பெட்டி கட்டாமக் கிடக்கு. தூக்கித் துண்டால சுத்தி, இறுக்கி முடிச்சுப் போட்டு, மேல ரெண்டு தட்டுத் தட்டி, “ஏலே, அடுத்ததைத் தள்ளு”ன்னேன். முழிச்சுப் பாத்தா, எங்க விரலை எட்டிப் பாக்கக் குனிஞ்ச லட்சுமிகாந்தத்தோட தலை அது. கண்மாயே சிரிச்சுச்சு. அந்நேரம் மிச்சம் இருந்தது நாங்களும் இன்னொரு சோடியும்தான். பேச்சி சிரிக்கல. தன் கையையே பாத்தா. “ஒருநா சும்மா இருக்கக் குடுத்து வைக்கல”ன்னா. மஞ்சப்பையை எடுத்துக்கிட்டுக் கரையேறிப் போயிட்டா. லட்சுமிகாந்தத்தை அவுக்கவே நேரமாயிருச்சு, போட்டது கம்பெனி முடிச்சு. அவுத்துட்டு ரோட்டுக்கு ஓடுனா பஸ்சு புழுதிதான் தெரியுது. கோவிச்சுக்கிட்டா அவளுக்குப் போக உங்க வீட்டை விட்டா வேற எது இருக்கு? நானும் அன்னைக்கே திருத்தங்கலுக்கு வந்துட்டேன்.

இப்ப நான் வடிக்கிற சோத்தைப் பாத்துக் கோழி முறைக்குது. தீபாவளி ஆர்டர் குமிஞ்சு கிடக்கு, “உன் வீட்டம்மா எப்ப வருது”ன்னு சூப்பர்வைசர் இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டாரு. அதுக்காகக் கூப்புடுறேன்னு நினைச்சுறாதீக. பக்கத்துல அந்த விரல் ஆடுற சத்தம் இல்லாம எனக்கு உறக்கம் பிடிக்கல. தயவுசெஞ்சு ஒருநாகூட வச்சுக்கிடாதீக, உடனே அனுப்பி வைங்க.

அக்காவுக்கு என் கும்பிடு. தங்கள் கடலைக்கொல்லையில் நல்ல மழை இறங்கி, வீடு நிறைய விளைந்து வர கருப்பசாமி துணையிருப்பாராக.

இப்படிக்கு,
பதிலைப் பஸ்சிலேயே எதிர்பார்க்கும்
சங்கிலிமுத்து

பி.கு.: மச்சான், கவரை ஒட்டப் போறேன், வாசல்ல பேச்சி நிக்கிறா. தலையில அண்டா! அவ உங்க ஊருக்கே வரலையாம்ல. கண்மாய்க்கு மறுகரையில, விருதுநகர் மிளகா கோடவுன் பொம்பளைக கூடாரத்துல இருந்திருக்கா. கடைசி நா பொம்பளைகளுக்குத் தனியா அதே போட்டியாம். புருசன் தொல்லை இல்லாம உக்காந்தாளாம். மத்தவுக எல்லாம் எந்திரிச்சுப் போனப்புறமும் எந்திரிக்கலையாம். லட்சுமிகாந்தமே வந்து, “தாயி, ஜெயிச்சு ரொம்ப நேரமாச்சு, அண்டாவை எடுத்துக்கிட்டுப் போ”ன்னாராம். “எப்படி இருந்துச்சு?”ன்னு கேட்டேன். “இன்னும் செத்த நேரம் விட்டிருக்கலாம்”னா. சொல்லும்போதே அவ விரல் முந்தானை நூலைப் பிரிச்சுப் பின்ன ஆரம்பிச்சுருச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு மச்சான்.

ஆகையால் மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. அவளை அனுப்பாதீக. சீசன் கிடக்கட்டும், நாளைக் காலைப் பஸ்சுல நானே அவளை ஏத்தி விடுறேன், தீபாவளி வரைக்கும் வச்சுக்கிடுங்க. உரிக்க ஒரு வெங்காயம்கூடக் குடுத்துறாதீக. பூவை அக்காவே தொடுத்து வச்சு விடட்டும். இந்தக் கடுதாசியைக்கூட அவ கையில குடுக்கல, பைக்குள்ள போட்டுத் தோள்ல மாட்டி விடுறேன், நீங்களே எடுத்துக்கிடுங்க.