ஏரியில் ஒரு கல்லைப் போட்டுக் காட்டு

“அந்த ஏரியில ஒரு கல்லைத் தூக்கிப் போடும்மா,” என்றார் சூசைராஜ்.

“எதுக்குப்பா?” என்றாள் போனுக்குள்ளிருந்து விக்டோரியா.

“போடுன்னா போடேன்.”

மகள் சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், அங்கே முதியோர் இல்லத்தில் வேலை என்றாள். அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் அப்பன் இருக்கும் யாங்கூனில் பொழுது சாயும் நேரம். தினமும் கூப்பிட்டு முகத்தைக் காட்டுவாள். முதுகுக்குப் பின்னால் நீல ஏரி, அதற்கும் பின்னால் பனிமலை.

அங்கேதான் சூசைராஜுக்கு இடித்தது. கல்யாணமான புதிதில் அவரும் பெண்டாட்டியும் ஸ்டூடியோவில் நின்று படம் எடுத்துக்கொண்டபோது பின்னால் தொங்கிய படுதாவிலும் இதே ஏரி, இதே மலைதான்.

அவர் காலமெல்லாம் அரிசி குடோனில் வேலை பார்த்தவர். மூட்டைக்குள் குத்தூசியை விட்டு உருவிப் பார்க்காமல் ஒன்றையும் உள்ளே விடமாட்டார். மேலே பச்சரிசியும் நடுவில் நொய்யுமாக வந்த மூட்டைகள் அவர் கையில் எத்தனையோ கிழிந்திருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கிறது என்பதே அவருக்குச் சந்தேகப்படப் போதுமான காரணம்.

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு டாக்சிக்காரன் ஜுல்ஃபிகர் வேறு. வாயில் கூன்யா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணே, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. வேலைன்னு கூட்டிட்டுப் போயி, நம்ம நாட்டு எல்லைப் பக்கம் ஒரு கட்டடத்துல போட்டு அடைச்சிடுறானுங்க. ராப்பகலா போன் போட்டு ஊரை ஏமாத்தணும். வீட்டுக்குப் பேசறப்பவும் அவனுங்க சொல்றதைத்தான் பேசணும். ‘நல்லா இருக்கேன்’னுதான் எல்லாப் புள்ளையும் சொல்லும்.”

“விக்டோரியாவும் அதைத்தான் தம்பி சொல்றா.”

“பாத்தீங்களா.”

அன்றிலிருந்து சூசைராஜுக்குச் சோறு இறங்கவில்லை. தாயில்லாமல் வளர்த்த ஒரே பெண். எங்கே இருக்கிறாள், யார் கையில் இருக்கிறாள் என்று தெரிந்தாக வேண்டும். சரி, அந்த ஊருக்குள்ளும் குத்தூசியை விட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்.

விக்டோரியா கல்லைப் போட்டாள். ‘ப்ளக்’ என்றது. வட்டம் வட்டமாக அலை விரிந்தது. அட, தண்ணீர்தான். அதுவும் அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிற தண்ணீர். சூசைராஜ் மூச்சு விடுவதற்குள் எங்கோ ஒரு ஜன்னல் திறந்தது. வெள்ளைத் தலைக் கிழவி ஒருத்தி என்னவோ சொன்னாள்.

விக்டோரியாவின் குரல் இறங்கிவிட்டது. “அப்பா, இங்க மத்தியானம் சத்தம் போடக்கூடாது. அப்புறம் பேசறேன்.”

போன் அணைந்தது.

“ஒரு கல்லுப் போட்ட சத்தத்துக்கா?” என்றார் சூசைராஜ், பக்கத்தில் நின்ற ஜுல்ஃபிகரிடம்.

“காவல்காரி அண்ணே அது,” என்றான் ஜுல்ஃபிகர்.

மறுநாள் போன் வரும்போது ஜுல்ஃபிகர் தானாகவே வந்து நின்றான். லத்தா பேட்டையில் சூசைராஜ் குடியிருந்த மாடி வீட்டுக்குள் சிக்னல் ஏறாது. திருட்டுக்குப் பயந்து மேலிருந்து கீழ்வரை இரும்புக் கம்பி அடித்த பால்கனியில் நின்றால்தான் பேச முடியும். பேச ஆரம்பித்ததும் மின்சாரம் போய்விட்டது. ஜுல்ஃபிகர் சார்ஜ் விளக்கை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, தோளில் கை வைத்துக்கொண்டு, காதுக்குள் சொன்னான். “கடையைக் காட்டச் சொல்லுங்க. கடை இருந்தா ஆளு இருக்கும்.”

“கடையைக் காட்டும்மா,” என்றார் சூசைராஜ்.

காட்டினாள். சாலையோரம் ஒரு மர அலமாரி. அதில் முட்டை, ஜாம், ஆப்பிள். பக்கத்தில் ஒரு தகர டப்பா.

“கடைக்காரன் எங்கே?”

“கடைக்காரன் கிடையாதுப்பா. வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு காசை டப்பாவில போட்டுட்டுப் போகணும்.”

“டப்பாவைத் தூக்கிட்டுப் போயிட்டா?”

“யாரும் தூக்கமாட்டாங்கப்பா.”

 இதைவிடப் பெரிய பொய்யைச் சூசைராஜ் ஆயுசில் கேட்டதில்லை.

“போலீஸ் ஸ்டேஷனைக் கேளுங்க,” என்றது காதோரக் குரல்.

“போலீஸ் ஸ்டேஷன் எங்கேம்மா?”

“இந்த ஊருக்குத் தேவைப்படலப்பா. பக்கத்து டவுன்ல இருக்கு.”

“வெயில் ஏன் இல்லேன்னு கேளுங்க.”

“வெயிலையே காணோமே?”

“பின்னால மலை மறைக்குதுப்பா. கிறிஸ்துமஸ் கழிஞ்சுதான் இந்தக் கரைக்கு வெயில் வரும். அந்தக் கரையில பாருங்க, மஞ்சளா அடிக்குது. ஆமா, உங்க பின்னால யாரு பேசறது?”

“யாருமில்ல,” என்று போனை வைத்தார் சூசைராஜ்.

கடைக்காரன் இல்லை, போலீஸ் இல்லை, சூரியனும் இல்லை. அன்று ராத்திரி ஜெபமாலையை உருட்டியும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சோதனை. யோசனை ஜுல்ஃபிகருடையது.

“மலைமேல ஏறி நின்னு உன் பேரைச் சத்தமாக் கத்து,” என்றார் சூசைராஜ். “உன்னை யாரும் புடிச்சு வைக்கலன்னா கத்து.”

“அப்பா, ஞாயித்துக்கிழமை இங்க புல்லுகூட வெட்டமாட்டாங்க.”

“அப்ப உன்னை அடைச்சுத்தான் வச்சிருக்கானுங்க.” அவர் குரல் உடைந்தது.

அப்பன் அழுது அவள் பார்த்ததில்லை. உடனே ஏறினாள். படிப்படியாகக் கல் அடுக்கிய திராட்சைத் தோட்டத்தின் உச்சிக்குப் போய், போனை உயரப் பிடித்துக்கொண்டு, “விக்டோரியா” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். எதிர்மலை அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது.

அவ்வளவுதான். கீழே ஜன்னல் ஜன்னலாகத் திறந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்கள். முழு ஊரும் இப்போதுதான் சூசைராஜின் கண்ணில் விழுந்தது. மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. கூர்க்கோபுரக் கோயில். செங்கல்லை அடுக்கினாற்போல விறகு அடுக்கிய சுவர்கள். தண்ணீரை ஒட்டிப் போகிற ரயில். வெள்ளைப் படகு ஒன்று துறைக்கு வந்து, ஒருத்தரை இறக்கிவிட்டு, அந்த ஒருத்தருக்காகவே வந்ததுபோலத் திரும்பிப் போனது. எங்கேயும் ஒரு குப்பை இல்லை.

“ஒரே ஆளுக்கா படகு?” என்றார்.

“ஆளே இல்லாட்டியும் நேரத்துக்கு வரும்ப்பா.”

சூசைராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தம்பி, அது ஊருய்யா,” என்றார் ஜுல்ஃபிகரிடம். “மூட்டை நடுவிலயும் பச்சரிசிதான். மனுசன் காவலே இல்லாம முட்டையை வச்சிட்டுப் போறான். நாம செருப்பைக் கழட்டி வச்சிட்டு நிம்மதியாப் பூசை கேக்க முடியுதா?”

“நான் அப்பவே நினைச்சேன் அண்ணே,” என்றான் ஜுல்ஃபிகர்.

மறுநாள் அவரே போன் போட்டார். மின்சாரம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜுல்ஃபிகர் விளக்கோடு பின்னால் நின்று, “‘அங்கேயே இரு, எனக்குத் திருப்தி’ன்னு சொல்லுங்க. ‘சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்க’ன்னும் சொல்லுங்க,” என்று காதில் ஓதினான்.

போனில் விக்டோரியா மட்டும் இல்லை. ஜன்னல் கிழவி நின்றாள். சீருடையில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் நின்றார். அவர் பக்கத்தில் கறுத்த மனிதர் ஒருவர், பஸ் டிரைவர் உடுப்பில்.

“அப்பா, ஏன் கத்தினேன்னு கேட்டாங்க, நீங்க போன்ல கேட்டதையெல்லாம் சொன்னேன். அப்புறம் நான் எவ்வளவோ சொல்லியும் இவங்க நம்பவே…” என்று விக்டோரியா ஆரம்பித்தாள். கிழவி அவளை அணைத்துப் பேசாமலிருக்கச் செய்தாள்.

சூசைராஜுக்குப் புரிந்துவிட்டது. மலையில் கத்தவிட்டதற்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள்.

“ஐயா, தப்பு என்மேலதான்,” என்றார் அவசரமாக.

போலீஸ்காரர் தணிந்த குரலில் நீளமாக ஏதோ சொன்னார். டிரைவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனுக்குக் கிட்டே வந்தார். பேசியது யாழ்ப்பாணத் தமிழ்.

“ஐயா, பயப்பிடாதேங்கோ, இந்த ஊர்ச் சனம் முழுக்க உங்கட பக்கம்தான். உங்களைக் கம்பிக்குள்ள அடைச்சு வைச்சு, இருட்டுக்குள்ள நிண்டு சொல்லிச் சொல்லிக் கதைக்க வைக்கிற ஆள் அந்தப் பின்னால நிக்கிறவர்தானோ? ஓமெண்டால் வாய் திறக்க வேண்டாம், தலையை மட்டும் ஆட்டுங்கோ.”