மனசை மாற்றக் கூட்டிப்போகிறவர்

துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடக்கத்தன்று இவர்கள் பந்தல்காரரிடமும் ஐஸ் பெட்டிக்காரரிடமும் பேசிக்கொண்டு ஓரமாகவே நிற்பார்கள். மூன்றாம் நாள் கேட்காமலே தண்ணீர் கேன் கொண்டுவந்து இறக்குவார்கள். இருபது நாள் கழிந்ததும், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி, "கெளம்பு மாப்ள, மனசு மாறட்டும்" என்பார்கள். எதிலிருந்து எதற்கு மாற வேண்டும்? அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இவர்களுக்கு ஒரே விதி. இறந்தவர் பேச்சு வரக் கூடாது. நீங்கள் "அப்பா" என்று ஆரம்பித்தால் பெட்ரோல் விலையில் கொண்டுபோய் முடிப்பார்கள். "ஆஸ்பத்திரியில" என்றால் காளவாசல் சிக்னலில் நெரிசல் என்பார்கள். மின்சாரப் பாதுகாப்புக் கருவிகளைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தனை வேகமாகத் துண்டிக்கும் பிரேக்கரை நான் எந்தத் துணைமின் நிலையத்திலும் பார்த்ததில்லை.

எனக்கு வாய்த்தவன் பெயர் காசிமாயன். செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஆறாம் வகுப்பிலிருந்து மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவன். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவர் என் அப்பா ஆசீர்வாதம். அப்பா இறந்த இருபத்தாறாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் காசிமாயன் எங்கள் வாசலில் நின்று சாவியைச் சுழற்றினான்.

எனக்கு அன்று ஒரு வேலை பாக்கி இருந்தது. முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். எட்டு மணிக்குள் படம் வந்தாக வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். கைப்பேசியில் இரண்டு படங்கள் இருந்தன. ஐந்து நாள் மாற்றி மாற்றிப் பார்த்ததில் இரண்டிலுமே அப்பா யாரோ ஒருவர் ஆகிவிட்டார். அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் பார்த்து, இதுதான் அவர் என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் வண்டியில் ஏறினேன்.

மனசை மாற்ற எங்கே கூட்டிப்போவார்கள்? போகிற இடத்துக்கும் துக்கத்துக்கும் ஒட்டும் இருக்கக் கூடாது, உறவும் இருக்கக் கூடாது. ஆகவே பைபாஸ் ரோட்டில் ஒரு ஹோட்டலின் முதல் மாடியில் புதிதாகத் திறந்திருந்த ஐரிஷ் பப். அயர்லாந்து எந்தப் பக்கம் என்று காசிமாயனுக்கும் தெரியாது, அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் தெரிந்த மாதிரி இல்லை. சுவரெல்லாம் பச்சை. நான்கு இலை கொண்ட ஒரு செடியை மேசை, தட்டு, கழிவறைக் கதவு என்று இடம் விடாமல் வரைந்திருந்தார்கள். அது ஆரைக்கீரை என்றும் தங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் மாடு மேய்கிறது என்றும் காசிமாயன் தீர்ப்புச் சொன்னான். அம்பெறியும் பலகை ஒன்று தொங்கியது. யாரும் எறிந்துவிடாதபடி அம்புகளை நூலால் கட்டியிருந்தார்கள். பச்சைத் தொப்பி போட்ட பணியாளரின் சட்டையில் பாட்ரிக் என்று எழுதியிருந்தது. விசாரித்ததில், திருமங்கலம் பேச்சிமுத்து.

ஆறே முக்காலுக்கு முதல் முறையாகக் கைப்பேசியை எடுத்தேன். காசிமாயன் உடனே மெனுவைப் பிரித்து என் முகத்துக்கும் அதற்கும் நடுவில் பிடித்தான். அடுத்த முறை எடுத்தபோது கொத்துக்கறியை உருளைக்கிழங்கு மசியலால் மூடிய ஷெப்பர்ட்ஸ் பை வந்தது; அவன் அதைத் தோண்டிப் பார்த்து, இதற்குச் சால்னா கிடையாதா என்று கேட்டு, பேச்சிமுத்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பணியாளர் சாப்பாட்டுக்கு வைத்தது உள்ளே இருப்பதாகக் குரலைத் தாழ்த்திச் சொல்லி, அது கிண்ணத்தில் வந்து சேர்ந்து, அயர்லாந்துக்காரன் இதை ஊற்றிச் சாப்பிட்டிருந்தால் ஊரை விட்டு ஊர் போயிருக்க மாட்டான் என்று காசிமாயன் பேசி முடிப்பதற்குள் என் கைப்பேசித் திரை அணைந்துவிட்டது. பிறகு டிவியில் கிரிக்கெட். பிறகு வில்லாபுரத்தில் மனை விலை. மொத்தம் ஏழு முயற்சி. சராசரியாக ஆறு நிமிடத்துக்கு ஒன்று. ஏழும் தோல்வி.

ஏழரைக்கு விளக்குகள் மங்கின. நான்கு பச்சைத் தொப்பிகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒரு கேக். கைதட்டிப் பிறந்தநாள் பாட்டு. எந்த மேசைக்கு? எங்கள் மேசைக்குத்தான்.

நடந்தது இது. மேசை பதிய காசிமாயன் போன் செய்தபோது என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறார்கள். பிறந்தநாள், திருமண நாள், பதவி உயர்வு, இந்த மூன்றுதான் அவர்கள் பட்டியலில் இருந்தன. சாவுக்கு நேர் எதிரில் இருந்ததை அவன் பொறுக்கிக்கொண்டான். மனசு மாற வேண்டுமல்லவா?

கேக்கில் க்ரீமால் எழுதியிருந்த பெயரைப் படித்தேன். ஆசீர்வாதம்.

பேச்சிமுத்து கத்தியை என் கையில் கொடுத்து, சாருக்கு வயது எத்தனை முடிந்தது என்று கேட்டார். எழுபத்தொன்று என்றேன். வேறு எண் வாயில் வரவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாத்தாத் தெரியல சார்."

காசிமாயன் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் பேருலன்னு போன்ல கேட்டாய்ங்க மாப்ள," என்றான். "ஆஸ்டல்ல சேந்ததுலருந்து எம்புட்டு அப்ளிகேசன் பாரம் எழுதிருப்பேன். கார்டியன்னு சார் பேருதான. பேருன்னு கேட்டாலே அதுதான் வருது. ஒனக்கு முன்னாடி அந்தப் பேரு வாயில வந்துரக் கூடாதுன்னுதான் கண்டதையும் பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்."

மெழுகுவர்த்தியை யாரும் ஊதவில்லை. நான் எட்டாவது முறையாகக் கைப்பேசியை எடுத்தேன். துண்டிப்பு இல்லை. அவன் சால்னா விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தான். ஒரு படம், கோட்டு மாட்டி ஸ்டூடியோவில் எடுத்தது. இன்னொன்று, பள்ளி ஆண்டு விழாவில் அப்பா சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து யாரையோ அதட்டுவது.

"இது எவனோ பேங்க் மேனேசரு," என்று முதல் படத்தைத் தள்ளினான். இரண்டாவதை விரலால் பெரிதாக்கினான். "இதக் குடு. இதுல என்னையத்தான் வையுறாரு."

ஏழு நாற்பத்தாறுக்கு அனுப்பினேன். அவன் மெழுகுவர்த்தியை ஊதினான். பேச்சிமுத்து மட்டும் மறுபடி கைதட்டினார்.

இத்தோடு நிறுத்தினால் நியாயமாகாது. மூன்று வருடத்துக்கு முன் காசிமாயனின் அம்மா சின்னத்தாய் இறந்தபோது துக்கம் கேட்கப் போன நான், ஒன்றரை மணி நேரம் அவன் தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் கெபாசிட்டரைப் பற்றிப் பேசினேன். கழற்றியும் காட்டினேன். மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே, நீங்கள் இந்த இனம் இல்லை என்று அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். அடுத்த முறை ஒரு துக்க வீட்டு வாசலில் "இந்த வருசம் வெயில் ஜாஸ்தி" என்று ஒரு குரல் கேட்டு, அது உங்கள் குரலாகவே இருந்தால், மெதுவாகக் குனிந்து உங்கள் விரலைப் பாருங்கள். சாவி சுழன்றுகொண்டிருக்கும்.