பையனுக்காகப் பிடித்த இடம்

"அப்பா, வயித்தைக் கலக்குது."

"இப்பவா? காலையிலேயே போயிட்டு வாடான்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"அப்ப வரலப்பா."

கல்லூரித் தாழ்வாரத்தில் நின்றபடியே செருப்புக்கடைக்காரர் மகனின் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ ஓடு. நான் உள்ள போய் இடம் பிடிச்சு வைக்கிறேன்."

மகன் ஓடினான்.

பையன் கல்லூரிக் கணக்கைத் தாங்குவானா என்று பார்க்கும் சோதனை அது. தேறினால் நேரே வகுப்பு. தேறாவிட்டால் ஒரு வருடம் பழைய கணக்கையே திரும்பப் படிக்க வேண்டும். பள்ளியில் வைத்த ஒத்திகையில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் கரையேறிவிட்டார்கள். பையன்கள்தான் கூட்டமாக மூழ்கினார்கள். "உங்க பையன் வாயத் திறந்து ஒரு சந்தேகம் கேக்க மாட்டேங்கிறான். தலையை மட்டும் ஆட்டுறான்" என்றார் தலைமையாசிரியை. அப்பாவும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் கணக்குத் தெரிந்தவள் அவன் அம்மா ஒருத்திதான். அவள் இப்போது இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த எண்கள் ஆறு முதல் பதினொன்று வரை. எல்லாம் காலில் போடுகிறவை.

எதிரே ஒரு கதவில் 'கணிதத் தகுதிச் சோதனை' என்று ஒட்டியிருந்தது. அது போதும். கடைசி வரிசையில் பையை வைத்து, தானும் உட்கார்ந்தார்.

தொழில் பழக்கம், முதலில் கால்களைப் பார்த்தார். ஒன்றுகூட இளங்கால் இல்லை. எல்லாம் பழைய தோல் ஷூக்கள். நாள் முழுக்க நின்று நின்று குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்தவை. நிமிர்ந்தார். வழுக்கை, நரை, தொந்தி.

அடக் கடவுளே, எல்லாப் பையன்களுக்குமா வயிற்றைக் கலக்குகிறது!

பக்கத்து வழுக்கைத் தலைக்காரருக்கு வியர்த்து ஊற்றியது. கூராக இருந்த பென்சிலையே மறுபடி மறுபடி சீவிக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா சார்?"

"மூணாவது தடவை. இதுவும் போச்சுன்னா மானமே போயிடும்."

மூன்று பையன்கள் போலிருக்கிறது, பாவம். "எனக்கு இது ஒண்ணுதான்" என்றார் செருப்புக்கடைக்காரர்.

"குடுத்து வெச்சவர்."

கதவு சாத்தப்பட்டது. கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் தாள்களோடு வந்தார்.

"அம்மா, நான் வந்து..."

"பேசக் கூடாது."

"இல்லம்மா, என் பையன்..."

"வீட்டுக் கதையெல்லாம் வெளியில. எந்திரிச்சீங்கன்னா தாளைக் கிழிச்சுடுவேன்."

பாதி எழுந்தவர் அப்படியே அமர்ந்தார். தாள் கிழிந்தால் பையனுக்கு ஒரு வருடம் கிழிந்த மாதிரி. வெறுமையாக வைத்தாலும் அதே கதிதான். கதவைப் பார்த்தார். அது திறக்கவில்லை. மகனின் பதிவு எண் மனப்பாடம். அதை எழுதினார். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த விடை அது ஒன்றுதான்.

முதல் கேள்வியில் எக்ஸ் இருந்தது. இரண்டாவதில் எக்ஸும் ஒய்யும். மூன்றாவதில் எண்களையே காணோம். நல்லவேளை, நாலு விடை கொடுத்து ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்லியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு 'ஆ'வைக் கறுப்பாக்கினார். ஓரக்கண்ணால் பார்த்தால் வழுக்கைத் தலைக்காரரும் 'ஆ'. அப்பாடா!

தெம்பு வந்தது. அடுத்ததற்கு அவர் பக்கம் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவரும் கூரையைப் பார்த்தார். சலித்துப்போய் 'இ' போட்டார். அவரும் 'இ' போட்டார். சந்தேகம் வந்து இவர் அழித்தார். அவரும் அழித்தார். அவர் அழித்ததைப் பார்த்து, விஷயம் தெரிந்தவர் அழிக்கிறார் என்று இவர் இன்னொன்றையும் அழித்தார். இரண்டு தாளிலும் ஓட்டை விழாத குறை.

கையொப்பத்துக்குத் தாள் வந்தது. மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டதற்காக ஒருநாள் மகனை அடித்திருக்கிறார். இன்று மகன் கையெழுத்தை அப்பா போட்டார். ஆள்மாறாட்டத்துக்கு எத்தனை வருடம் உள்ளே போடுவார்கள்? கையெழுத்து மட்டும் அச்சு அசலாக மகனுடையதைப் போலவே விழுந்தது.

மணி அடித்தது. வெளியே மகன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"எங்கப்பா போனே? தேடு தேடுன்னு தேடினேன்."

மகனை ஓரமாக இழுத்துப் போனார். "கத்தாதடா. உனக்காக நானே எழுதிட்டேன். யாராவது கேட்டா நீதான் எழுதினேன்னு சொல்லு."

"நான்தானேப்பா எழுதினேன்! மாடியில. பசங்க எல்லாரும் அங்கதான். பென்சில் பக்கத்துப் பொண்ணுகிட்ட கேட்டு வாங்கினேன். ஒரு கேள்வி புரியல, கையைத் தூக்கி மேடத்தையே கேட்டுட்டேன்."

"நீ... கேட்டியா?"

"நீ பக்கத்துல இல்லையே, வேற யாரைக் கேக்கிறது?" சட்டென்று மகன் முகம் வெளிறியது. "அப்பா, அப்ப என் நம்பர்ல ரெண்டு தாளா?"

செருப்புக்கடைக்காரர் மகனின் வாயைப் பொத்தினார். அந்த நேரம் பார்த்து வழுக்கைத் தலைக்காரர் வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப தேங்க்ஸ் சார். உங்களைப் பாத்துத்தான் முழுசும் எழுதினேன்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கடைநிலை ஊழியப் பெண் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓடினார்.

"ஏம்மா, பசங்க மாடியிலன்னா, இந்த ரூம்ல எழுதினவங்க எல்லாம் யாரு?"

அவள் சாவியை இடுப்பில் செருகினாள்.

"பசங்க தேற மாட்டேங்கிறாங்களேன்னு, இப்பல்லாம் அதே தாளை அவங்களுக்குப் பாடம் நடத்துற கணக்கு வாத்தியாருங்களுக்கும் குடுத்துப் பாக்குறாங்க சார்."