பூச்சி லீவு

மேடத்தின் அறை வாசல்வரை அவனிடம் நல்ல காரணம் ஒன்று இருந்தது. உள்ளே போனதும் அது மறந்துவிட்டது.

"என்ன?" என்றார் மேடம், தலை நிமிராமல்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் லீவு வேணும் மேடம்."

"எதுக்கு?"

மகளின் பள்ளி விழாவுக்கு என்று சொல்ல முடியாது. குடற்புழு ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருடைய விடுப்பும் ரத்தாகியிருந்தது. வழக்கமான புழு ஆராய்ச்சியோடு புதிதாக இன்னோர் ஆய்வும் வந்து சேர்ந்திருந்தது. மருத்துவப் பணியாளர்கள் வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள் என்று கண்டறியும் ஆய்வு. அது முடியும்வரை வியாதி தவிர வேறு குடும்பக் காரணம் சொல்லி யாரும் லீவு கேட்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

"பொண்ணுக்கு வயிறு சரியில்ல மேடம்."

"வயித்துல என்ன?"

"பூச்சி இருக்கும்போல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பல்வலி என்றிருக்கலாம். காய்ச்சல் என்றிருக்கலாம். உலகத்தில் இத்தனை வியாதி இருக்க, பாதி ஆயுளைப் புழுக்களோடு கழித்த மனுஷியிடம் போய்ப் பூச்சி என்று சொல்லிவிட்டான்.

மேடம் நிமிர்ந்தார். அவன் இங்கே லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படியொரு அக்கறையைப் பார்த்ததில்லை.

"நாளைக்குக் காலையில சாம்பிள் கொண்டு வாங்க. நானே பாக்குறேன்."

அவன் மனைவி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். அவள் இரவு டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பான். குடும்ப விஷயங்கள் எல்லாம் அந்த வாசற்படியில்தான் பேசித் தீரும்.

"லீவு கெடைச்சுதா?"

"கெடைச்ச மாதிரிதான்."

"அப்படின்னா?"

அவன் சொன்னான். அவள் ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றாள்.

"இல்லாத பூச்சியைப் பெத்த பொண்ணு வயித்துல விட்டுட்டு வந்திருக்கீங்க."

"அந்த நேரத்துல அதுதான் வாயில வந்துச்சு."

"ரெண்டு வருஷமா நாம ரெண்டு பேருமே விழாவுக்குப் போகலை. இந்த வருஷமாவது யாராவது ஒருத்தர் வரணும்னு அவ கறாரா சொல்லிட்டா. நாடகத்துல மழையா நடிக்கிறா. ஒரே ஒரு வசனம். அதைக்கூட கேக்க ஆளில்லைன்னா நல்லாவா இருக்கும்?"

மகளிடம் அவன் சாம்பிள் டப்பாவை நீட்டினான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை என்னப்பா பண்ணுவீங்க?"

"ஆபீசுக்குக் கொண்டு போவேன்."

"தெனமும் இதுக்குத்தான் போறீங்களா?"

பட்டப்படிப்பு படித்த மனிதன், மூடியை எப்படித் திறப்பது என்று சொல்லிக் கொடுத்தான்.

பஸ்ஸில் போகும்போது புதுக் கவலை பிடித்தது. மகளுக்குத்தான் ஒன்றும் இல்லையே. சாம்பிள் சுத்தமாக இருந்தால் லீவு ஏது? லேப் அலமாரியில் புழு முட்டை நிறைந்த சாம்பிள்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்து லேபிளை மாற்றினால் போதும். லேபில் நுழைந்ததும் கை அலமாரிவரை போனது. ஆனால் மேடத்திடம் பொய் சொன்ன வாய்க்கு இருந்த தைரியம் கைக்கு வரவில்லை. மகள் கொடுத்ததையே ஸ்லைடில் தடவி, டப்பாவோடு கொண்டுபோய் வைத்தான்.

மேடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். சீக்கிரமே நிமிர்ந்துவிட்டார்.

"எந்த ஸ்கூல்?"

சொன்னான்.

"எந்த வகுப்பு?"

"ரெண்டாவது."

மேடம் மறுபடி குனிந்தார். இந்த முறை வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏதாவது தெரியுதா மேடம்?"

"ஒரு குழந்தையை வச்சு எதுவும் சொல்ல முடியாது. வகுப்பையே பாக்கணும்."

"அப்படின்னா, இருக்கா?"

"சந்தேகம்னு வந்துட்டா விடக்கூடாது."

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா மேடம்?"

அதற்குள் மேடத்தின் கையிலிருந்து ஸ்லைடும் டப்பாவும் கிருமிநாசினித் தொட்டியில் விழுந்துவிட்டன.

ஊர் ஊராகப் போய், சாப்பிடும் முன் கை கழுவுங்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன். சொந்த மகள் கை கழுவினாளா என்று என்றைக்குப் பார்த்தான்? சும்மா சொன்னது பலித்துவிட்டதா?

"வெள்ளிக்கிழமை அந்த ஸ்கூல்ல முகாம். நீங்கதான் மைக்ரோஸ்கோப்ல உக்காரணும்" என்றார் மேடம்.

"அன்னைக்கு அங்க விழா மேடம். வேற நாள் வச்சா..."

"விழான்னா ஒரு பிள்ளைகூட மட்டம் போடாது. பெத்தவங்களும் இருப்பாங்க. இதை விட வசதியான நாள் கெடைக்காது."

அன்று மாலை மகள் முழங்கையைச் சொறிந்தாலும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அழும்வரை நகத்தை ஒட்ட வெட்டினான். இன்னொரு தடவை டப்பாவை நீட்டினான்.

"இனிமே தர மாட்டேன்" என்றாள் மகள். "ஒண்ணு குடுத்தாச்சு."

அதற்குள் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவிவிட்டது. யாரோ ஒரு குழந்தைக்குப் பூச்சியாம், அதனால்தான் முகாமாம். யார் அந்தக் குழந்தை என்று ஆளாளுக்கு ஆராய்ந்தார்கள். ஓர் அம்மா எழுதினாள்: 'அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலை வேலைன்னு ஓடினா இப்படித்தான் ஆகும்.'

தன்மேல் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் அவன் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினான்.

உடனே வார்டிலிருந்து மனைவியின் போன் வந்தது. "யாரைத் திட்டினதுக்கு லைக் போடறீங்க? நம்மளைத்தாங்க சொல்றாங்க."

"தெரியும். அதான் போட்டேன்."

"இன்னொண்ணு கேளுங்க. வீட்ல பூச்சின்னு வாய் தவறி தலைமை நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன். குழந்தைங்க வார்டாச்சே, ரிசல்ட் வர்றவரைக்கும் வர வேண்டாம்னுட்டாங்க. எனக்கு லீவு."

"வெள்ளிக்கிழமையுமா?"

"வெள்ளிக்கிழமையும்."

அவன் சொன்ன பொய்யில் அவளுக்கு லீவு. அவனுக்கு மைக்ரோஸ்கோப்.

வெள்ளிக்கிழமை அவனுடைய மேசை விழா அரங்கத்தை ஒட்டிய வகுப்பறையில் போடப்பட்டது. முந்தின நாளே டப்பாக்கள் கொடுத்திருந்ததால் சாம்பிள்கள் வந்து குவிந்தன. மேடம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "தலைமை ஆசிரியையைப் பாத்துட்டு வரேன். நீங்க எழுந்திரிக்காதீங்க" என்று போனவர் திரும்பவே இல்லை.

அவன் பாட்டுக்கு ஸ்லைடுகளைப் பார்த்தான். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் வகுப்பிலேயே பூச்சி உள்ளவள் தன் மகள் ஒருத்திதானா? அடுத்த ஸ்லைடை எடுத்து வைத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாடகம் தொடங்கியது. வெயில் வந்து பேசியது. காற்று வந்து பேசியது. பிறகு இடி வந்து உறுமியது. வசனம் மறந்ததோ என்னவோ, மறுபடி உறுமியது. கூட்டம் சிரித்தது. யாரோ ஓர் அம்மா மட்டும் விடாமல் கை தட்டினாள். இப்படியும் ஒரு பெருமையா என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. இடிக்கு அடுத்தது மழை.

நிலையத்து வேன் டிரைவர் கடைசிச் சாம்பிள் பெட்டியோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, மேடம் எங்க இருக்காங்க?"

"ஏன் சார்?"

"பொண்ணு இப்ப மேடை ஏறப்போறா. கதவுகிட்ட நின்னு ஒரு வசனம் கேட்டுட்டு ஓடி வந்துடறேன். மேடம் பாத்துட்டாங்கன்னா என் வேலை போயிடும். அவளுக்குப் பூச்சி வேற இருக்கு. எனக்கு எங்க நிக்கறதுன்னே தெரியலை."

டிரைவர் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அவரே அணைத்தார்.

"தைரியமா உள்ள போய் உக்காந்து பாருங்க சார், பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு மேடத்துக்கு அன்னைக்கே தெரியும், அந்த இடி அவங்க பையன், அவங்களுக்கும் லீவு கெடைக்கலை."