சில்லுக்கட்டுச் சாமியின் ஜீப்

வெள்ளிக்கிழமை காலையில் பசறைக்கு மேலே முனி முடக்குக்குப் போனால் லொறி, வேன், ஆட்டோ எல்லாம் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அந்த வளைவில் முனி வந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டுகிறதாம். முனியின் கையைக் கட்டத் தெரிந்த ஒரே ஆள் சில்லுக்கட்டுச் சாமி. சொந்தப் பெயர் அழகர். முன்பு என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் முனிக்குக் கோபம் வருமாம்.

சாமி வண்டிச் சக்கரங்களில் சில்லுக்குச் சில்லு எலுமிச்சம்பழம் கட்டுவார். சேவலை வாங்கிக்கொள்வார். பிறகு உத்தரவு: "மூணு தரம் ஹோன் அடி. முனிக்கு மரியாத குடுத்து நட வேகத்துல போ."

போனார்கள். ஆடவில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நடை வேகத்தில் எந்த ஓட்டை லொறியும் ஆடாது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. சாமியின் ஜீப் மட்டும் அந்த முடக்கில் பறக்கும். மகிமைக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

புவனேந்திரனும் அந்த வரிசையில் நின்றவன்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருபத்துநாலு பேரைத் தினமும் லொறியில் மேல்மலைக்கு ஏற்றிப் போகிறவன். அதில் அவன் மனைவி சிவசக்தியும் ஒருத்தி. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு முடியத் தாமதமானதால் கொஞ்சம் வேகமாக வந்தான். முடக்கில் மழைத்தண்ணீர் குறுக்கே அறுத்த பள்ளத்தில் முன்சில்லு இறங்கியதும் ஸ்டீயரிங் படபடவென்று ஆடியது. பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது, சில்லுக்கும் பள்ளத்தாக்கின் விளிம்புக்கும் நடுவில் ஒரு கொழுந்துக்கூடை வைக்கத்தான் இடமிருந்தது. பின்னால் பெண்கள் போட்ட அலறல் அன்று முழுக்க அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

புவனேந்திரன் போய்ச் சொன்னதும் சாமி கண்ணை மூடினார். "முனி கோவமா இருக்கு. வெள்ளிக்கிழம கருஞ்சேவலோட வா. பெரிய கட்டா போடுறேன். அப்பறம் எவ்வளவு வேகத்துலயும் போலாம்."

சிவசக்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கள ஏத்திக்கிட்டுத்தான் அதச் சோதிச்சுப் பாப்பீங்களா? மொதல்ல கராஜுல காட்டுங்க. இல்லாட்டி ஒரு பொம்பள உங்க லொறியில ஏற மாட்டா."

பசறையில் வாப்பாவின் கராஜை இப்போது நடத்துகிறவள் நளீரா. லொறிக்கு அடியில் படுத்து, புவனேந்திரனை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொன்னாள்.

"அண்ணே, உங்க முனி இங்கதான் இருக்கு. வந்து பாருங்க."

தேய்ந்து லொடலொடத்த மூட்டுகளைக் காட்டினாள், அவற்றை மாற்றினாள். பிறகு அதிர்வைத் தாங்கும் புது ஷொக் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை முன் அச்சிலும் மறுபக்கத்தை இரண்டு சில்லையும் சேர்த்துத் திருப்பும் கம்பியிலும் பூட்டினாள்.

"இது ஸ்டீயரிங் டேம்பர். பள்ளத்துல விழுந்தா வார ஆட்டத்த இது வாங்கிக்கும். ஆனா தேஞ்சத மாத்தாம இத மட்டும் போட்டா, மருந்து எடுக்காம வருத்தத்த மறைச்சு வைக்கிற மாதிரி."

"முனி விடுமா தங்கச்சி?"

"வெள்ளிக்கிழம நானும் வாரேன். கேட்டுப் பாப்போம்."

வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் இல்லை, ஹோன் இல்லை, சேவலும் இல்லை. வெறும் லொறியில் பக்கத்தில் சிவசக்தி பிடிவாதமாக ஏறி உட்கார்ந்தாள். புவனேந்திரன் லொறியை முடக்குக்கு விட்டான். அதே வேகம், அதே பள்ளம். தடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லொறி நேராகப் போயிற்று. கூட்டம் வாயைப் பிளந்தது.

சாமி அசரவில்லை. "எல்லாம் நான் பாத்த பார்வ!"

"அப்ப நல்லதாப் போச்சு சாமி," என்று நளீரா ஸ்பேனரை எடுத்தாள். "போன வருசம் உங்க ஜீப்புக்கும் இதே சாமான நாந்தானே பூட்டினேன். இப்பக் கழட்டித் தாரேன். பழைய தேஞ்ச மூட்டும் கராஜுலதான் கெடக்கு, அதையும் மாட்டுறேன். சில்லுல பழத்தக் கட்டிக்கிட்டு ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க."

எல்லோரும் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். நீல நிறத்தில் டேம்பர் பளபளத்தது.

"இன்னைக்கு... நாள் சரியில்ல," என்றார் சாமி. சொன்ன கையோடு ஜீப்பில் ஏறினார். பள்ளத்தின் மேல் கொஞ்சமும் ஆடாமல் பறந்தார்.

மகனின் ஆட்டோவுக்காகக் கொண்டுவந்த கருஞ்சேவலை அணைத்தபடி நின்ற வேலாயி பரிதாபமாகக் கேட்டாள்: "ஒரு வருசமா நமக்குத் தெரியாமப் போச்சே?"

"எப்புடித் தெரியும்?" என்றாள் சிவசக்தி. "வாராவாரம் அந்த ஜீப்புக்கு முன்னால விழுந்து கும்புட்டோம். விழுந்த நேரத்துல கண்ணத் தொறந்து வச்சிருந்தா, அடியில இருந்தது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."