லிஸ்டில் ஒரு ஆள் குறைகிறது

வேலை போய் இரண்டு மாதமாகியும் அந்தச் சேதி மனைவி ஜோதிமணியின் காதுக்கு எட்டாமல் காப்பாற்றி வந்ததுதான் ரத்தினசாமி இந்த வருஷம் உருப்படியாகச் செய்த ஒரே காரியம். காலை ஒன்பதுக்கு டிபன் கேரியரோடு கிளம்புவார். குக்கரஹள்ளி ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, அழாத குறையாகத் தண்ணீரைப் பார்ப்பார். ஆறு மணிக்குத் திரும்பி, "அப்பப்பா, ஒரே மீட்டிங்!" என்பார். பாவம், மனுஷனுக்கு நடிக்கவும் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோதிமணி லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தாள். அவள் நடத்தும் மதியச் சாப்பாட்டு வியாபாரத்துக்கு அவரே பிஎச்பி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்த புரோகிராம் அதில் இருந்தது.

"ஏனுங்க, ஆபீஸ் போறவங்க லிஸ்ட்டுல ஒரு ஆள் குறையுதுங்க. இருபத்தொண்ணு வரோணும், இருபதுதான் வருது."

"ப்பூ! அஞ்சே நிமிஷம்!"

அஞ்சு நிமிஷம் மூன்று மணி நேரமாயிற்று. மொத்தப் பட்டியலிலிருந்து ஆபீஸ் போகிறவர்களை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபில்டர் மூன்றே வரிதான். அதை மாற்றி மாற்றி எழுதினார். பிஎச்பியைத் திட்டினார். இதுகூட வராவிட்டால் நான் எதற்கய்யா லாயக்கு என்று தன்னையும் திட்டிக்கொண்டார்.

"முடியலீங்களா? மேல் வீட்டு அக்ஷதாகிட்டக் கேக்கட்டுங்களா? கம்ப்யூட்டர்தான படிக்குது."

"அதுக்கு என்ன தெரியும் புள்ள? கிளாஸ் எழுதுனது நானு!"

ஒரு வாடிக்கையாளருக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று வரையறுக்கும் அந்தக் கிளாஸைத் திறந்தார். வாடிக்கையாளரின் பெயர், விலாசம், காரம், 'ஆபீஸ் போகிறவர்' என்று விவரங்கள், அதாவது பிராப்பர்ட்டிகள், வரிசையாக இருந்தன. கீழே இன்னும் ஏதோ ஒன்று. அதை அவர் படிக்கவில்லை. 'ஆபீஸ் போகிறவர்' என்பதற்கு, எதுவும் குறிக்காவிட்டால் 'ஆம்' என்றே அறிவித்திருந்தார். ஆபீஸ் போகாத ஆம்பளையை, அதை எழுதிய அன்றைக்கு அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அப்படியென்றால் யாரோதான் 'இல்லை' என்று மாற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். வீட்டோடு இருக்கும் பெரியவர்கள் ஒன்பது பேருக்கு 'இல்லை'. அது நியாயம். பத்தாவது 'இல்லை', சோதித்துப் பார்க்க அவரே முதன்முதலில் ஏற்றிய பெயருக்கு. ரத்தினசாமி. மாற்றிய தேதி, வேலை போன மறு வாரம்.

"ஜோதி... இது..."

"நாந்தானுங்க மாத்துனேன். ஏரிக்கரைப் பக்கம் சாப்பாடு குடுக்கப் போனப்பப் பாத்தேன். நான் செஞ்ச பொரியலை நாய்க்குப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசமாப் பாக்கறேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஜோதிமணி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"விடுங்க. இப்ப அந்தக் கடைசி பிராப்பர்ட்டியைப் படிங்க. அக்ஷதா சொல்லிக் குடுத்துச்சு, நானே எழுதுனேன்."

படித்தார். 'சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்: எதுவும் குறிக்காவிட்டால், ரத்தினசாமி.'

"நாளைக்கும் ஒம்பது மணிக்கே கெளம்பிருங்க" என்றாள் ஜோதிமணி. "இருபத்தொம்பது எடத்துல மீட்டிங்."