நடுவர் நாற்காலிக்கு ஒரு நாக்கு

வானமே இடிந்து தலையில் விழுந்தாலும் சரி, பீர் நடுவர் ஆகியே தீருவது என்று பூட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார்.

ஊரார் பூட்டையெல்லாம் ஒற்றைக் கம்பியால் திறந்துவிடுகிற மனுஷன். தன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் அவர் வாய்க்கே பூட்டு. ஜன்னல் திரைக்கு என்ன நிறம், விருந்தாளி எந்த நாற்காலியில் உட்காருவது, அவர் தலைமுடியை எப்போது வெட்டுவது, எல்லாமே மனைவியின் தீர்ப்புதான். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. அப்படிப்பட்டவர் கண்ணில் ஓர் அறிவிப்பு பட்டது. சின்னச் சின்ன பீர் ஆலைகள் சேர்ந்து நடத்தும் போட்டிக்குப் பொதுமக்களில் ஒருவர் நடுவராக வேண்டுமாம். அவர் சொல்வதை நாலு பேர் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள். அந்த ஒரு சுகத்துக்காக அவர் எதையும் செய்யத் தயார்.

"நான் போகத்தான் போறேன்" என்றார், சாப்பாட்டு மேஜையில் நெஞ்சை நிமிர்த்தி.

"போங்களேன்" என்றாள் மனைவி.

"நீ என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

வரிந்து கட்டிக்கொண்டு வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம். இருந்தாலும் ஜெயித்ததாகவே வைத்துக்கொண்டார்.

நடுவராக ஒரு தேர்வு உண்டு. பீரில் என்ன கெட்டிருக்கிறது என்பதை நாக்காலேயே கண்டுபிடிக்க வேண்டும். பழகிக்கொள்ள ஒரு பெட்டி அனுப்பியிருந்தார்கள். உள்ளே குட்டிக் குட்டிக் குப்பிகள். ஒன்றில் வெண்ணெய் வாடை, ஒன்றில் நனைந்த அட்டைப்பெட்டி, ஒன்றில் வேகவைத்த சோளம், ஒன்றில் வினிகர். நல்ல பீரில் ஒரு சொட்டு விட்டுக் குடித்துப் பார்க்கணும். எதில் எதை விட்டது என்று குடிப்பவருக்குத் தெரியக்கூடாது. ஆகவே ஊற்றித்தர ஓர் ஆள் வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? மனைவிக்குப் பால் நிலையத்தில் கேன் கேனாகப் பாலை மோந்து பார்த்துத் தரம் பிரிக்கிற உத்தியோகம். அது அவருக்கு உறைக்கவே இல்லை. ஊற்றித்தர ஒரு கை கிடைத்ததே என்றுதான் நினைத்தார்.

முதல் நாள், முதல் டம்ளர். வாய் நிறைய வாங்கி, கண்ணை மூடி, விழுங்கினார். பீர் நடுவர்கள் துப்பக்கூடாதாம், கசப்பு தொண்டையில்தான் தெரியுமாம். இருக்கிற விதிகளிலேயே அவருக்கு மிகவும் பிடித்த விதி அது.

"அட்டை" என்றார்.

"இல்லீங்க. வெண்ணெய்."

பூட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "நாக்கு என்னோடதா, உன்னோடதா? இதுலயாவது என் பேச்சு செல்லட்டும்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "செல்லட்டுமே" என்றாள்.

அன்றிலிருந்து பாருங்கள், மனுஷன் சொன்னதெல்லாம் சரி. வினிகர் என்றால் வினிகர். சோளம் என்றால் சோளம். மூன்று வாரத்தில் ஒரு டம்ளர்கூடத் தப்பவில்லை. தன் நாக்கின் மகிமையை அவர் பக்கத்து முடிதிருத்தும் கடையில் அளந்த அளப்பில், கடைக்காரர் இரண்டு பேருக்குக் கிருதாவைக் கோணலாக வெட்டிவிட்டார். மனைவியோ ஒவ்வொரு டம்ளரிலும் தானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். பாவம், கலந்தது சரியா என்று பார்க்கிறாள் என்று அவரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

தேர்வு நாளன்று வேலை இருக்கிறது என்று சொல்லி அவள் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். இவர் மண்டபத்துக்குள் நுழைந்தால், நாலாவது மேஜையில் அவள், தோளில் எண் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நீ எங்க இங்க?"

"வீட்டுக்கு ஒருத்தர்தான்னு விண்ணப்பத்துல போடலையே."

சரி, அவள் தோற்றுப்போய் அழுதால் தேற்றலாம் என்று அவர் தன் இடத்தில் உட்கார்ந்தார். ஆறு டம்ளர் வந்தது. யோசிக்கவே இல்லை. மளமளவென்று எழுதி முதல் ஆளாகத் தாளை நீட்டினார். சற்று நேரத்தில் தேர்வு நடத்திய அம்மாள் முடிவை வாசித்தார். மனைவிக்கு ஆறுக்கு ஆறு, நாற்காலி அவளுக்கு. பூட்டுக்காரருக்கு முட்டை. எதுவுமே கலக்காத அருமையான பீர் ஒன்று இருந்ததே, அதைக் குடிக்கவே லாயக்கில்லை என்று எழுதி வைத்திருந்தார்.

வெளியே வந்ததும் அவர் மனைவியை வழிமறித்தார். "மூணு வாரமா எல்லாம் சரி சரின்னியே?"

"முதல் நாள் தப்புன்னு சொன்னேன். எழுந்து நின்னு, உங்க பேச்சு செல்லட்டும்னீங்க. செல்ல விட்டேன்."

அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. நடுத்தெருவில் நின்று விரலை நீட்டினார்.

"போட்டி அன்னிக்கு நானும் வருவேன். உன் பக்கத்துலயே உக்காருவேன். என்ன பண்ணிடுவாங்கன்னு பாக்கறேன்."

"கண்டிப்பா வரணும். நடுவருங்க குடிக்கிறதால வண்டி ஓட்ட ஆள் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. உங்க பேரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். வண்டி ஓட்டறவங்க மட்டும் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாதாம்."